படத்தின் குறையா, டிவியின் குறையா? வடசென்னை ஹாலுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பெரிய டிவி வாங்கிய முதல் வாரத்தில் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை கேட்கும் புகார் ஒன்றுதான்: "கடையில பார்த்த மாதிரி இல்லையே." உடனே ரிமோட்டை எடுத்து பிரைட்னஸ், கலர், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் ஏற்றி இறக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் குறை எங்கே என்று கடைசிவரை தெரியாது.

குறை மூன்று இடங்களில் இருக்கலாம். படத்தை எடுத்த விதமே அப்படி இருக்கலாம். படம் நன்றாக இருந்து, நம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிரதி மட்டமாக இருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, டிவியின் அமைப்போ அறையோ கெடுக்கலாம். முதல் இரண்டையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. எல்லாப் பழியும் டிவி மேல்தான் விழும்.

பிரித்துப் பார்க்க, கைவசம் இரண்டு படங்களை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம். இருட்டுக்கு 'கைதி' (2019) போதும். கதை முழுக்க ஒரே இரவில் நடக்கிறது. லாரி விளக்கும் காட்டு இருளும் மாறி மாறி வரும். வெளிச்சத்துக்கு 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் (2022). வெயில், நகை, பட்டு, முகம், கூட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. இரண்டையும் காசு கட்டிய ஓடிடி-யில் உயர்ந்த தரத்தில் போட்டுப் பாருங்கள். இவற்றில் தெரியாத குறை வேறொரு படத்தில் மட்டும் தெரிந்தால், டிவியை விட்டுவிடுங்கள். அந்தப் படத்தையோ பிரதியையோதான் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் தெரிந்தால் கீழே உங்கள் புகாரைத் தேடிக்கொள்ளுங்கள்.

"படம் சீரியல் மாதிரி தெரியுது"

ஹீரோ நடந்து வந்தால் வழுக்கிக்கொண்டு வருகிறார். செட் செட்டாகத் தெரிகிறது. பல கோடி போட்டு எடுத்த படம் மத்தியான சீரியல் போல இருக்கிறது. இது பழுதே இல்லை. டிவி தானாகச் செய்யும் அதிகப்பிரசங்கித்தனம்.

சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்) எடுக்கப்படுகிறது. டிவி அந்த 24-க்கு நடுவே தானாகப் புதுச் சட்டகங்களைக் கற்பனை செய்து நுழைக்கிறது. சாம்சங்கில் இதற்கு பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர். எல்.ஜி.யில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. பெயர் எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். 2018 டிசம்பரில் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸ், இயக்குநர் ஒருவரோடு நின்று "இதை அணையுங்கள்" என்று தனியாக ஒரு வீடியோவே போட்டார். சினிமாக்காரர்களுக்கு அவ்வளவு எரிச்சல். டிவியில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த வேலையெல்லாம் ஒரே அழுத்தில் முடிந்துவிடும். 2019-இல் அறிவிக்கப்பட்டது என்பதால் அதற்கு முந்தைய டிவிகளில் இருக்காது. அவற்றில் சினிமா அல்லது மூவி மோட் போதும்.

கிரிக்கெட் பார்க்கும்போது வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'தி ஹாபிட்' வரிசைப் படங்கள் நொடிக்கு 48 சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. 2012-இல் முதல் படம் தியேட்டரில் வந்தபோது பார்த்தவர்கள் பலர் இதே "சீரியல்" புகாரைச் சொன்னார்கள். அங்கே அது எடுத்தவர்களின் முடிவு. வீட்டுப் பிரதி 24-இல்தான் வந்தது.

"4கே-னு போட்டிருக்கு, ஆனா மங்கலா இருக்கு"

அதிகம் வரும் புகார் இது. காரணங்களும் அதிகம். வரிசையாகப் போவோம்.

முதலில் சந்தா. நெட்ஃபிளிக்ஸில் மேல்தட்டுத் திட்டம் எடுத்தவருக்குத்தான் 4கே வரும். கீழ்த் திட்டத்தில் டிவி 4கே, படம் 4கே, வருவது மட்டும் 4கே இல்லை. சந்தாவைப் பார்க்காமல் டிவிக்காரரைக் கூப்பிட வேண்டாம்.

அடுத்தது பெட்டி. பழைய டிவியை ஸ்மார்ட் ஆக்குவதற்காகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகள் பலவற்றில் வைட்வைன் எல் 1 என்ற பாதுகாப்பு அனுமதி கிடையாது, எல் 3 மட்டும் இருக்கும். ஓடிடி நிறுவனங்கள் அந்தப் பெட்டிக்குப் பழைய டிவிடி தரத்தில்தான் படத்தை அனுப்பும். பெட்டியின் அட்டையில் 8கே என்று அச்சடித்திருந்தாலும் கதை அதுதான். இதற்கு அமைப்பில் மருந்து இல்லை. பெட்டியை மாற்ற வேண்டும்.

மூன்றாவது இணையம். 4கே-க்கு நொடிக்கு 15 மெகாபிட், முழு எச்.டி.க்கு 5 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நம் ஏரியாவில் ஃபைபர் இணைப்பு எடுத்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு வருகிறது. அப்படியானால் எங்கே போகிறது? வைஃபையில். ராயபுரம், தண்டையார்பேட்டை போல வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் போனை எடுத்துப் பாருங்கள், இருபது வைஃபை பெயர்கள் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இருபது வீடுகள் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. ரவுட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சுவர் குறுக்கே இருந்தால் லேன் ஒயர் இழுத்துவிடுங்கள். டிவிகளின் லேன் துளை பெரும்பாலும் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, ஆனால் ஓடிடி-க்கு அது தாராளம். ராத்திரி ஒன்பது மணிக்கு மங்கலாகவும் காலை ஆறு மணிக்குத் தெளிவாகவும் இருந்தால் குற்றவாளி இணையம்தான், சந்தேகமே வேண்டாம்.

நான்காவது தூரம். இதை யாரும் யோசிப்பதில்லை. 43 அங்குல டிவியின் திரை உயரம் சுமார் 53 செ.மீ. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு அதில் முழு எச்.டி. புள்ளிகள் சுமார் 1.7 மீட்டர், அதாவது ஐந்தரை அடி வரைதான் பிரிந்து தெரியும். 4கே-யின் முழு நுணுக்கமும் தெரிய வேண்டுமானால் மூன்றடிக்குள் போக வேண்டும். 55 அங்குலத்துக்கு இந்தக் கணக்கு ஏழு அடியும் மூன்றரை அடியும். பத்தடி ஹாலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து 43 அங்குலத்தில் 4கே வித்தியாசத்தைத் தேடினால் கிடைக்காது. அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் நிறத்திலும் வெளிச்சத்திலும் பிரதியின் பிட்ரேட்டிலும்தான் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு) இருக்கும். நல்ல முழு எச்.டி. புளூரே நொடிக்கு 40 மெகாபிட் வரை படத்துக்கே கொடுக்க முடியும். நெரித்து அனுப்பிய 4கே ஸ்ட்ரீமைவிட அது பல காட்சிகளில் நன்றாக இருக்கும். "4கே" என்ற எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஐந்தாவது, படமே. 2002-இல் வந்த '28 டேஸ் லேட்டர்' என்ற ஆங்கிலப் படத்தைப் பெரும்பாலும் கேனான் எக்ஸ்எல் 1 என்ற மினி டி.வி. (டிஜிட்டல் வீடியோ) கேசட் கேமராவில் எடுத்தார்கள். எந்தத் திரையில் போட்டாலும் அது கூர்மையாக வராது, வரவும் கூடாது. தமிழில் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) அன்றைய டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. அந்தக் காலத்து டிஜிட்டல் படங்களில் இல்லாத நுணுக்கத்தை எந்த டிவியும் வரவழைக்க முடியாது. இதற்கு நேர் எதிர், பழைய பிலிம் படங்கள். 35 எம்.எம். நெகட்டிவில் முழு எச்.டி.யைவிட அதிக விவரம் இருக்கிறது. நெகட்டிவ் நன்றாக இருந்து, அதிலிருந்து நேராக ஸ்கேன் செய்தால் 1960-களின் படம் 2005-இன் படத்தைத் தோற்கடித்துவிடும். 2000-களில் நிறத்திருத்தம் முதலான வேலைகளைக் கணினியில் 2கே (முழு எச்.டி.யை ஒட்டிய) அளவில் முடித்த படங்கள் ஏராளம். அவற்றின் "4கே" பிரதி பெரும்பாலும் 2கே-யை ஊதிப் பெரிதாக்கியதுதான். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962-இல் 65 எம்.எம். பிலிமில் எடுத்தது. ஐம்பதாம் ஆண்டுக்காக 8கே-யில் ஸ்கேன் செய்து 4கே-யில் புதுப்பித்தார்கள். பாலைவனத்தில் தூரத்திலிருந்து ஒரு புள்ளி ஆளாக மாறி வரும் காட்சியைப் பாருங்கள். எந்த வருடம் எடுத்தது என்பதைவிட எதில் எடுத்தது, எதிலிருந்து ஸ்கேன் செய்தது என்பதுதான் முக்கியம் என்று புரிந்துவிடும்.

யூடியூபில் "4கே" என்று போட்ட பழைய தமிழ்ப் பாட்டுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முக்கால்வாசி பழைய வீடியோ கேசட் பிரதியைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கியது. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கதாநாயகியின் கண் இமையையும் சேலை ஜரிகையையும் பாருங்கள். இமை ஒரே கறுப்புக் கோடாகவும் ஜரிகை மஞ்சள் பூச்சாகவும் தெரிந்தால் அது ஊதிய 4கே.

"நைட்டு சீன்ல ஒண்ணுமே தெரியல"

வடசென்னையைக் காட்டும் படங்களில் இரவும் நிழலும் நிறையவே வரும், அதனால் இந்தப் புகார் நமக்குக் கூடுதலாகவே பொருந்துகிறது.

முதலில் பகலா இரவா என்று பாருங்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவு திறந்திருக்க, எதிர்ச் சுவர் டியூப்லைட் திரையில் பிரதிபலிக்க, 'கைதி' போட்டால் காட்டின் நடுவே நம் முகம்தான் தெரியும். இரவுப் படத்தை இரவில் பாருங்கள். டிவிக்கு எதிரே உள்ள விளக்கை அணைத்து, பின்பக்கம் மட்டும் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அடுத்தது டிவி மாட்டிய உயரம். சின்ன வீடுகளில் டிவியைப் பீரோ உயரத்துக்கும் மேலே மாட்டிவிட்டு, தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம். கறுப்பு நன்றாக வரும் விஏ வகைப் பேனல்கள் நேராகப் பார்த்தால்தான் நன்றாக இருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிடும். ஸ்டாண்டை முன்பக்கமாகச் சாய்க்க முடிந்தால் சாய்த்துவிடுங்கள். முடியாவிட்டால் இறக்கி மாட்டுவதே மேல். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேராக வர வேண்டும்.

மூன்றாவது எச்.டி.ஆர்., அதாவது இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே பெரிய வீச்சைக் காட்டும் முறை. இது கொஞ்சம் வில்லங்கமானது. எச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) உச்ச வெளிச்சத்தை வைத்துத் தயாரிக்கிறார்கள், சிலவற்றை 4000 வரைக்கும். விலை குறைந்த டிவியின் உச்சமே 300 நிட்ஸ் சுற்று வட்டாரம்தான். அந்தப் பெரிய வீச்சை இதற்குள் அமுக்கும்போது மொத்தப் படமும் இருண்டுவிடுகிறது. மோட் பட்டியலில் டால்பி விஷன் பிரைட் என்று ஒன்று இருந்தால் பகலில் அதைப் போடுங்கள். டோன் மேப்பிங் என்று இருந்தால் அதையும் இயக்கிப் பாருங்கள். அப்படியும் இருட்டாகவே இருந்தால், எச்.டி.ஆர். இல்லாத சாதாரணப் பிரதியைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மலிவு டிவியில் பல சமயம் அதுதான் அழகாக இருக்கும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

நான்காவது, எச்.டி.எம்.ஐ. வழியாக லேப்டாப்போ பெட்டியோ இணைத்திருந்தால் பிளாக் லெவல் அல்லது ஆர்.ஜி.பி. ரேஞ்ச் என்ற அமைப்பு. சினிமா வீடியோவில் வெளிச்சத்தைக் குறிக்கும் எண், கறுப்புக்கு 16-இல் தொடங்கி வெள்ளைக்கு 235-இல் முடியும். கணினி 0 முதல் 255 வரை எண்ணும். ஒரு பக்கம் ஃபுல், மறுபக்கம் லிமிடெட் என்று இருந்தால், ஒன்று நிழலில் உள்ளதெல்லாம் கரிக்கட்டையாகிவிடும், இல்லையென்றால் படம் முழுக்கப் பால் கலந்தது போல வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்தால் தீர்ந்தது.

இருட்டில் எதுவும் தெரியாமல் இல்லை, ஆனால் கட்டம் கட்டமாக, பாசி படர்ந்த மாதிரி அசைகிறது என்றால் அது வேறு. அது பிரதியின் பிட்ரேட் பஞ்சம். கம்ப்ரஸ் செய்யும் மென்பொருள் மிச்சம் பிடிப்பது முதலில் இருட்டில்தான். விடியற்கால வானத்தில் பட்டை பட்டையாக நிறம் பிரிவதற்கும் காரணம் கிட்டத்தட்ட இதுதான். 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. படிகள் குறைந்தால் மென்மையான வானத்தில் கோடு விழும். ஷார்ப்னஸை ஏற்றினால் இரண்டும் மோசமாகும். அதைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுங்கள். கலருக்கு முன்னால் தொட வேண்டியது ஷார்ப்னஸ்தான்.

"மூஞ்சி மெழுகு மாதிரி" / "மணல் தூவின மாதிரி"

இரண்டும் ஒரே விஷயத்தின் இரு முனைகள். பிலிமில் எடுத்த படத்தில் நுண்ணிய மணல் போன்ற அசைவு இருக்கும். அது பிலிமின் வேதிப்பொருள் துகள், அழுக்கு அல்ல. சிலர் அதைக் குறை என்று நினைத்து டிவியில் நாய்ஸ் ரிடக்ஷனை உச்சத்தில் வைக்கிறார்கள். துகளோடு சேர்ந்து முகத்தின் தோல் துளையும் மீசை மயிரும் போய்விடும். அதை அணைத்துவிடுங்கள்.

அணைத்தும் முகம் மெழுகாகவே இருந்தால், வெளியிட்டவர்களே துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று பொருள். நம் பழைய படங்கள் பலவற்றுக்கு இதுதான் கதி. பாவம், அவர்களுக்குக் கிடைத்த மூலமே அப்படி. அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்து, வினிகர் வாடை அடித்து, சுருங்கிக் கெட்டுப்போகும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. நெகட்டிவ் போய், ஓடித் தேய்ந்த தியேட்டர் பிரிண்ட் மட்டும் மிஞ்சிய படங்கள் பல. கோடும் புள்ளியும் நிறைந்த பிரிண்டிலிருந்து எடுத்தால் இதற்கு மேல் வராது. 'கர்ணன்' (1964) டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மறுபடி தியேட்டருக்கு வந்தது. பழைய வண்ணப் படம் பார்க்க ஆசை என்றால் இப்படிப் புதுப்பித்தவற்றைத் தேடிப் பிடியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதையே முதலில் போடுங்கள்.

கறுப்புப் பட்டை

மேலும் கீழும் பட்டை வந்தால் அது அகலத்திரைப் படம். 'ராஜராஜ சோழன்' (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப். இன்றைய பெரிய படங்களில் பலவும் அந்த விகிதம்தான். 2.39-க்கு 1 என்ற படத்தை 16-க்கு 9 டிவியில் போட்டால் உயரத்தில் கால்வாசி கறுப்பாகத்தான் இருக்கும். ஜூம் செய்தால் இரு ஓரத்திலும் ஆட்கள் வெட்டுப்படுவார்கள். இடமும் வலமும் பட்டை வந்தால் பழைய சதுர விகிதம், அதை இழுத்தால் எல்லாரும் குண்டாவார்கள். படம் நடுவிலேயே பட்டை வருவதும் போவதுமாக இருந்தால் பயப்பட வேண்டாம். 'தி டார்க் நைட்' (2008) புளூரேயில் ஐமாக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் வரும்போது மட்டும் படம் திரை முழுக்க விரியும். எடுத்தவர்கள் நினைத்தது அதுதான்.

"பேச்சு கேக்கல, சண்டை வந்தா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுறார்"

படத்தின் கூர்மைக்காகச் சண்டை போடுபவர்கள் சத்தத்தைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் படம் சத்தத்தில்தான் இருக்கிறது.

5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் மட்டும் வரும். நம் டிவியில் நடு ஸ்பீக்கர் கிடையாது. இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள், அதுவும் கீழ்நோக்கி. ஆறு தடத்தையும் இரண்டில் கலக்கும்போது பேச்சு இசையோடு சேர்ந்து அமுங்கிவிடுகிறது. அடிபாஸ் தடம் பெரும்பாலும் கலவையிலேயே சேராது. அதனால் சண்டையில் "சத்தம்" இருக்கும், "அதிர்வு" இருக்காது.

செய்ய வேண்டியது, வரிசைப்படி: ஓடிடி-யின் ஒலிப் பட்டியலைத் திறந்து எந்தத் தடம் ஓடுகிறது என்று பாருங்கள். டிவியின் சொந்த ஸ்பீக்கர்தான் என்றால் 5.1-ஐ விட்டு ஸ்டீரியோ தடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கென்று கலந்த தடத்தில் பேச்சு பல சமயம் தெளிவாக இருக்கும். அப்புறம் டிவியிலோ சவுண்ட்பாரிலோ நைட் மோட் அல்லது டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷன் என்பதை இயக்குங்கள். உரத்ததை அடக்கி மெல்லியதை உயர்த்தும். குழந்தை தூங்கும் வீட்டில் இதுதான் வரம். சவுண்ட்பார் வாங்குவதாக இருந்தால் நடு ஸ்பீக்கர் உள்ளதா என்று கேளுங்கள், அதாவது 3.1-க்குக் குறையாமல். 2.1 வாங்கினால் அதிர்வு கிடைக்கும், பேச்சு பிரச்சினை அப்படியே இருக்கும்.

அறைக்கு வருவோம். டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை. நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். "டிர்ர்" என்று வால் நீண்டால், வசனத்தின் ஒவ்வொரு எழுத்தும் அப்படித்தான் நீள்கிறது. எதிர்ச் சுவரில் கனமான திரைச்சீலை, தரையில் ஜமுக்காளம், துணி அடுக்கிய திறந்த அலமாரி, ஏதாவது ஒன்று போதும். இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஆனால் பத்தாயிரம் ரூபாய் சவுண்ட்பாரைவிட நல்ல வித்தியாசம் தெரியும். சப்வூஃபரை மூலையில் வைக்காதீர்கள். மூலையில் வைத்தால் அதிர்வு கூடும், ஆனால் குழம்பும். அதோடு, பொதுச் சுவர் வழியாக அடுத்த வீட்டு அக்காவின் பாத்திர அலமாரியும் ஆடும்.

வெளிச் சத்தத்துக்கு அமைப்பு கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையோரம் கண்டெய்னர் லாரி, கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில். மின்விசிறி ஐந்தில் ஓடினாலே கிசுகிசுப்பு வசனங்கள் முழுங்கிவிடும். நுணுக்கமான ஒலி உள்ள படத்தைப் பின்னிரவுக்கு ஒதுக்குங்கள். ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றி ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அன்றைக்குப் பாட்டு நிறைந்த மசாலாப் படம்தான் சரி.

படத்தின் மேலேயே குறை சொல்ல வேண்டிய இடமும் உண்டு. டப்பிங் படங்கள். மூல மொழித் தடம் அட்மாஸில் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போலக் கலக்கும் டால்பி முறை) இருக்க, தமிழ்த் தடம் வெறும் ஸ்டீரியோவாக வருவது சகஜம். பேச்சு தனியாக மேலே மிதக்கும், பின்னணி ஒலி தட்டையாக இருக்கும். மூல மொழிக்கு ஒரு நிமிடம் மாற்றிப் பாருங்கள். அங்கே அறை நிறைந்தால் குறை உங்கள் சவுண்ட்பாரில் இல்லை.

உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

ப்ளூடூத்தில் இணைத்த ஸ்பீக்கர் என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். ப்ளூடூத் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பின்தங்கும். மனிதருக்கு ஒலி முந்தினால் 45 மில்லிநொடியிலேயே உறுத்தும், பிந்தினால் 125 வரை அவ்வளவாகத் தெரியாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை சொல்கிறது. மின்னலுக்குப் பின் இடி கேட்டே பழகியவர்கள் அல்லவா. எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்கு அனுப்பும்) துளை வழியாகவோ ஆப்டிகல் ஒயர் வழியாகவோ இணையுங்கள். ஒயரில் இணைத்தும் சத்தம் முந்தினால், டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கிறது. சவுண்ட்பாரில் ஆடியோ டிலே என்று இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சரிசெய்யலாம். ஒரே ஒரு டப்பிங் படத்தில் மட்டும் உதடு ஒட்டவில்லை என்றால், அது மொழிபெயர்த்தவர் பாடு.

பாட்டு சுருதி ஏறியிருக்கிறது

காது நல்ல காதாக இருந்தால்தான் இந்தப் புகார் வரும். பர்மா பஜாரில் வாங்கிச் சேர்த்து வைத்த பழைய டிவிடிகள் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. பால் (PAL) என்ற டிவி முறைப்படி வந்த டிவிடி நொடிக்கு 25 சட்டகம். 24-இல் எடுத்த படத்தை அதில் போட நான்கு சதவீதம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னாலேயே முடியும். பாட்டு அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறும். மருந்து இல்லை, 24-இல் ஓடும் பிரதி வாங்க வேண்டும்.

அட்மாஸ் எழுத்து வருகிறது, தலைக்கு மேல் ஒன்றும் வரவில்லை

2012-இல் 'சிவாஜி' முப்பரிமாணப் பதிப்பு அட்மாஸில் வந்தது, இந்தியாவில் அதுதான் முதல். இன்று எந்தப் பெரிய படத்தின் விளம்பரத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. தியேட்டருக்கு அட்மாஸில் கலந்த படம் ஓடிடி-யில் 5.1 ஆக மட்டும் வரலாம். படத்தின் தகவல் பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், டிவியின் ஒலி வெளியீட்டை பி.சி.எம். என்பதிலிருந்து பாஸ்த்ரூ அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். ஓடிடி-யின் அட்மாஸுக்குச் சாதாரண ஏ.ஆர்.சி. போதும். புளூரே வட்டின் குறையாத அட்மாஸுக்குத்தான் அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. வேண்டும். ஆப்டிகல் ஒயரில் அட்மாஸ் வரவே வராது.

மேல்நோக்கிய ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பார் ஒலியைக் கூரையில் மோதித் திருப்புகிறது. தட்டையான கான்கிரீட் கூரை இதற்குப் பொருத்தம். ஓட்டு வீட்டிலும் மொட்டைமாடிச் ஷீட் அறையிலும் அந்தக் காசை வீணாக்காதீர்கள்.

திரை ஒரு நொடி கறுத்து மறுபடி வருகிறது

எச்.டி.எம்.ஐ. ஒயரை முதலில் சந்தேகப்படுங்கள். நொடிக்கு 60 சட்டகத்தில் 4கே எச்.டி.ஆர். போக 18 கிகாபிட் தாங்கும் ஒயர் வேண்டும், உறையில் பிரீமியம் ஹை ஸ்பீடு என்று இருக்கும். பழைய ஒயரும் 24 சட்டகப் படத்தைச் சமாளித்துவிடும், மெனுவில்தான் மினுக்கும். பெட்டியில் மேட்ச் ஃபிரேம் ரேட் என்பதை இயக்கினால் படம் 24-இலேயே போகும். திணறலும் குறையும், அசைவும் சீராகும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோர வீடுகளுக்கு இன்னொரு காரணம் உப்புக் காற்று. ஜன்னலோரம் வைத்த டிவியின் துளைகளில் களிம்பு ஏறிவிடும். மின்சாரத்தை அணைத்துவிட்டு ஒயரை நாலைந்து தடவை செருகி எடுங்கள். கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனாலும் கடையில் பார்த்த மாதிரி இல்லை

கடையில் ஓடியது சினிமாவே இல்லை. கிளி, பழம், நீருக்கடியில் மீன் என்று நல்ல வெளிச்சத்தில், பெரும்பாலும் நொடிக்கு 60 சட்டகத்தில் எடுத்த விளம்பரத் துண்டு. டிவியும் நிறத்தையும் வெளிச்சத்தையும் மிகையாகக் காட்டும் விவிட் மோடில் இருந்திருக்கும். கதை சொல்லும் படம் அப்படி மின்னாது. 'சார்பட்டா பரம்பரை'யில் 1970-களின் வடசென்னைக்கு ஏற்ப நிறத்தை அடக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அதை விவிடில் போட்டால் குத்துச்சண்டை மேடை பிளாஸ்டிக் ஆகிவிடும். 2021-இல் அது தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடி-யில் வந்த படம். அதனால் நம் கையில் இருப்பது இரண்டாம் தரப் பிரதி அல்ல, வெளியிட்டதே அதுதான்.

வந்த விருந்தாளிக்கு டிவியைக் காட்டத்தான் படம் வேண்டும் என்றால், இருபது வயதுக்கு மேல் ஆன டிஜிட்டல் படம், டப்பிங் தடம், யூடியூப் 4கே மூன்றையும் ஒதுக்குங்கள். பகல் என்றால் 'பொன்னியின் செல்வன்', நள்ளிரவு என்றால் 'கைதி'. பேச்சுத் தெளிவைக் காட்ட 'குருதிப்புனல்' (1995): பாட்டே இல்லாத படம், டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியில் வந்த முதல் இந்தியப் படம். நல்ல பிரதி கிடைக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். விருந்தாளி கிளம்பும்வரை ரிமோட்டை அவர் கையில் கொடுக்காதீர்கள்; விவிடுக்கு மாற்றிவிடுவார்.